வாருவதற்கு ஒன்றுமில்லை

சனிக்கிழமை காலை எட்டரைக்கு, நியூசிலாந்தின் மனுரேவாவில் தன் வீட்டு வாசல் சீமெந்தில் குந்தியிருந்து, ஏறி ஓட்டும், புல் வெட்டும் மோவரின் டெக்கைக் கவிழ்த்துப்போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார் தியாகலிங்கம். கத்தி சுழலும் அந்தப் பெரிய இரும்புத் தட்டத்தின் உட்புறமெல்லாம் பழைய புல் சாணிபோல இறுகிக் கிடந்தது. விரி என்ற பக்கத்து ஊரில் கிடங்கு வேலை, இரவு ஷிஃப்ட். வந்து தேத்தண்ணி குடித்த கையோடு தொடங்கியவர். கண் இரண்டும் மிளகாய்த்தூள் பட்டதுபோல எரிந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இந்த நேரத்துக்கு மனிசன் கட்டிலில் கிடக்கவேண்டும். யாரை நோவது?

எல்லாம் மனைவி சரோஜாதேவியின் வலது தோளுக்காகத்தான். அல்ஃபிரிஸ்டனில் ஒரு தேவாலயத்தின் தங்கும் விடுதிக்கு மூன்று ஏக்கர் புல்தரை. சனிதோறும் இவர் வெட்ட, மோவர் பக்கவாட்டில் துப்பிக்கொண்டு போகும் புல்லை அவள் பின்னால் வந்து ரேக்கால் வாரிச் சாக்கில் கட்டுவாள். ஒரு வருசமாக இதுதான் நடைமுறை. இப்போது அந்தக் கை சீப்பால் தலை இழுக்கக்கூட எழும்பவில்லை. டொக்டர் வாராதே என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சனி ரேக்கோடு வான் வண்டியில் ஏறியிருந்தாள். சொல்வழி கேட்கிற சாதியா அவள்?

கிழமை நாட்களில் அவர் விடிய வீடு திரும்பும் நேரம், அவள் முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் லோன்றி வேலைக்குப் பஸ்ஸுக்கு நிற்பாள். காரிலிருந்து கையைக் காட்டுவார், அவளும் காட்டுவாள். குடும்பம் நடத்துகிற அழகு அவ்வளவுதான். ஞாயிறு அவர் பிணம்போலக் கிடப்பார். இரண்டு பேரும் முழித்துக்கொண்டு ஒரே இடத்தில் இருப்பது சனிக்கிழமை மட்டும்தான், அதுவும் இந்தப் புல்தரையில். கதைப்பது என்றும் பெரிதாக இல்லை. வளைவில் திரும்பும்போது அவள் தெரிவாள், அவ்வளவு.

அவள் வாராமலிருக்கவென்று வாங்கிய, டெக்கில் பூட்டும் மல்ச்சிங் கிட்டை விற்றவர் மோகனதாஸ், விரியில் மோவர் திருத்தும் மலேசியத் தமிழர். வெட்டிய புல்லை வெளியே விடாமல் டெக்குக்குள்ளேயே சுழற்றி, மறுபடி மறுபடி நறுக்கி, தூளாக்கித் தரையிலேயே உதிர்க்கும். அதுவே புல்லுக்குப் பசளை, வார வேண்டியதில்லை என்று விளக்கினார்.

"கத்திய தலைகீழா மாட்டிறாதீங்க அண்ணே. வளைஞ்சு தூக்குற பக்கம் டெக்க பாத்து இருக்கணும். இஞ்சின் ஃபுல்லா ஓடட்டும், வண்டி மெதுவா போகட்டும். புல்லு உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க லா."

தியாகலிங்கம் பிளக் வயரை முதலிலேயே கழற்றிவிட்டிருந்தார். தவறி இஞ்சின் பிடித்தால் விரல் போய்விடும். பலகைத் துண்டொன்றைக் கத்திக்கு அண்டைகொடுத்து போல்ட்டைத் திருப்பினார். அசையவில்லை. எண்ணெய் விட்டுப் பத்து நிமிசம் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள் கண் சொக்கிப்போயிற்று. பிறகு இளகிய போல்ட்டைக் கழற்றி, தடுப்புத் தகடுகளைப் பூட்டி, புதுக் கத்திகளை வளைவு பார்த்துப் போட்டு, பக்கவாட்டு வாயை மூடியால் அடைத்து முடிக்கப் பத்து மணியாயிற்று. பனி ஈரம் காயவும் அந்த நேரம் தேவைதான்.

விடுதிக்குப் போய் முதல் வரி ஓடியதும் மானம் போயிற்று. கட்டி கட்டியாக, மாடு போட்டது மாதிரி, பச்சைப் புல் பின்னால் விழுந்துகொண்டு வந்தது. இஞ்சின் மூச்சு முட்டியது. பிழை யாருடையது? டெக்கை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தார். மோகனதாஸ் சொன்னது காதில் ஏறவில்லையென்றில்லை, கைதான் கேட்கவில்லை. ஊரில் வீட்டு வளவு என்றால் மண் தெரியவேண்டும். புல் நின்றால் பாம்பு வரும், புல் நின்றால் அது ஆளில்லாத வீடு. அப்படிப் பழகின கை, நியூசிலாந்துப் புல்லையும் மொட்டையடிக்கத்தான் போகும். திரும்பிப் பார்த்தால், சரோஜாதேவி இடக்கையால் ரேக்கைப் பிடித்து அந்தக் கட்டிகளை வாரிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. அவருக்கு எரிச்சல் வந்தது, தன்மேல்தான்.

இறங்கி, இஞ்சினை நிறுத்தி, அடைத்ததைக் குச்சியால் கிண்டி எடுத்தார். டெக்கை மூன்று அங்குலத்துக்கு உயர்த்தினார். பார்க்க மனசு ஒப்பவில்லை, வெட்டாத மாதிரியே இருந்தது. ஆனாலும் இஞ்சினை முழுசாகத் திறந்துவிட்டு, வண்டியை எறும்பு ஊர்கிற வேகத்தில் விட்டு, முந்திய வரியின் விளிம்பில் சக்கரம் ஏற ஓட்டினார். சத்தம் மாறியது. பின்னால் ஒன்றும் விழவில்லை. நிறுத்தி இறங்கி, குனிந்து தடவிப் பார்த்தார். புல்லின் அடியில் பச்சைத் தூள் மட்டும் விரலில் ஒட்டியது. அட, மனிசன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு வரி வரியாக, நேராக, ஒரு கீற்றும் விடாமல் வெட்டினார். நல்ல வேலை செய்கிறபோது களைப்புக்கூடக் கொஞ்சம் மரியாதை காட்டும்.

ஒவ்வொரு வளைவிலும் அவள் தெரிந்தாள். முதலில் ரேக்கோடு பின்னால் நடந்தாள். பிறகு நின்றாள். பிறகு வானுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சாக்குகளை மடித்தாள், விரித்தாள், திரும்பவும் மடித்தாள்.

வாரும் வேலை இல்லாததால் ஐந்து மணித்தியால வேலை மூன்று மணித்தியாலத்தோடு முடிந்தது. மோவரை மரத்தடியில் நிறுத்திவிட்டு வந்து வானுக்குள் இருந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டார்கள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அவசரமில்லாத சாப்பாடு. இந்தத் தோள் இனியாவது ஆறட்டும் என்று நினைத்துக்கொண்டே சீற்றைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "லோன்றியில சனிக்கிழமையும் வரச்சொல்லி மூண்டு மாசமாக் கேக்கினம். அங்க மெசின்தான், தோளுக்குப் பெரிசா ஒண்டுமில்லை. உங்களுக்குப் புல்லு வார ஆளில்லையெண்டு சொல்லித் தட்டிக்கொண்டு வந்தனான்."

சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

"இனி என்னத்தைச் சொல்லுறது?"

அவர் திடுக்கிட்டார். ஆறுதல் கொடுக்கிறேன் என்று நினைத்து, இருந்த ஒரு நாளையும் தன் கையாலேயே கழற்றிவிட்டாரே! போகாதையும் என்று சொல்லவேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். உம்மை வளைவில் பார்க்கவேண்டும் என்பதைப் புட்டுச் சாப்பிட்ட வாயால் எப்படிச் சொல்வது? முப்பது வருசத்தில் அப்படி ஒன்றும் சொல்லிப் பழக்கமில்லை. நித்திரைபோல மூச்சைச் சீராக்கிக்கொண்டார்.

அவள் காத்திருந்தாள். அவர் அதை அறிந்துகொண்டேயிருந்தார். கடைசியில், "சரி, திங்கக்கிழமை ஓமெண்டு சொல்லுறன்," என்று அவள் தனக்குள் சொல்வது கேட்டது. இப்போதாவது கண்ணைத் திற என்று மனசு சொல்லிற்று. பொய் நித்திரை எந்த இடத்தில் மெய்யாயிற்றோ தெரியவில்லை. இரவு முழுக்க முழித்த உடம்புக்கு வெட்கம் தெரியாது.

முழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பக்கத்துச் சீற்றில் அவள் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் புல்தரை முழுவதும் வரி வரியாக மினுங்கியது. மரத்தடியில், ஓடாத மோவரின் ஒற்றைச் சீற்றில் சரோஜாதேவி ஏறி இருந்தாள். செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அவர் திரும்பும் அந்தத் தூரத்து வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.