அதிர்வுத் தொட்டியில் ஒரு சீசா

சிலிக்கான் தட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றும் பால்நிறக் கலவைக்கு எங்கள் ஆலையில் ஸ்லரி என்று பெயர். அதில் மிதக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். கூட்டம் கூடினால் தொலைந்தது, தட்டு முழுக்கக் கீறல்தான். அவற்றைப் பிரித்து வைக்க நான் புது மருந்து ஒன்று சேர்த்திருந்தேன். அன்றுதான் முதல் பீப்பாய்.

பீப்பாயிலிருந்து எடுத்த சாம்பிளில் காற்றுக் குமிழி இருந்தால், துகள் கட்டிகளை எண்ணும் கருவி அதையும் கட்டியென்று எண்ணிவிடும், அதன் புத்தி அவ்வளவுதான். அதனால் குமிழி போகும்வரை மட்டும் சாம்பிள் சீசாவை அதிர்வுத் தொட்டியில் லேசாகக் காட்டி எடுப்போம். நான் வைத்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, உங்க அத்தானைக் கொஞ்சம் பாத்துக்கோ. போன தடவை கீறல் விழுந்ததுக்கே கடைசி எச்சரிக்கைன்னுட்டாங்க. இன்னொண்ணு விழுந்தா வீட்டுக்குத்தான். மனுஷன் தூக்கத்துல கூட மெஷினைத் துடைக்கிறாரு."

"இன்னிக்கு அவருக்கு என் ஸ்லரிதான்க்கா போகுது. நீ பயப்படாதே."

அழுதவளைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து சீசாவை எடுத்தேன். கருவி காட்டிய எண் அத்தனை குறைவு, அத்தனை அழகு. பீப்பாயை அத்தானின் மெஷினுக்கு அனுப்பினேன். பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

மதியம் மெஷினை நிறுத்திவிட்டார்கள். தட்டுகளில் கீறல். அப்போதுதான் உறைத்தது: அக்கா அழுது முடிக்கும்வரை சீசா தொட்டியிலேயே குலுங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த கட்டிகள் உடைந்துபோயின. பீப்பாயில் இருந்தவை உடையவில்லை. பீப்பாயிலிருந்து புதிதாக எடுத்து, லேசாக மட்டும் காட்டி, கருவியில் வைத்தேன். எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

மேலாளர் அறைக்கு ஓடினேன். ஓடும்போதே என் கோழைப் புத்தி கணக்குப் போட்டது: காலையில் வந்த எண் சுத்தம், யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். அப்படி நினைத்ததற்கே எனக்குப் பயமாக இருந்தது.

அத்தான் கைகட்டி நின்றிருந்தார். மேலாளர் என்னைப் பார்த்து, "ஸ்லரி சரியாத்தானே இருந்தது?" என்றார்.

"அவளை எதுக்கு சார் கேக்கறீங்க?" என்றார் அத்தான். "அவ குடுத்ததுல கட்டி இருக்காது. நான்தான் தேய்க்கிற பேடைச் சரியாக் கழுவியிருக்க மாட்டேன். கழுவின மாதிரிதான் ஞாபகம்... இல்ல சார், கழுவலை போல."

என்னைக் காப்பாற்ற அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே தன்னைத்தான் சந்தேகப்பட்டார், என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

"அப்போ அட்டையைக் குடுத்துட்டுக் கிளம்புங்க," என்றார் மேலாளர். அத்தான் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றத் தொடங்கினார். கயிறு காதில் மாட்டிக்கொண்டது.

"கழட்டாதீங்க அத்தான்," என்றேன். கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவருக்கு அது கேட்கவில்லை.

என் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். "கட்டி என் பீப்பாய்ல சார்."