மஞ்சள் விளக்கு அணைந்தது

"முழுக்க மிதிச்சேண்ணா. நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே."

தோளில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த என் தங்கை மூன்றாவது தடவையாக அதைச் சொன்னாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள் கணவர், என் மாப்பிள்ளை, ஜன்னலையே வெறித்துக்கொண்டிருந்தார். மறந்தும் என் பக்கம் திரும்பவில்லை.

அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்.

"குறுக்கே யாராவது வந்தா யோசிக்காதே. பிரேக்கை அடி வரைக்கும் மிதி. காலை எடுக்காம ஸ்டியரிங்கைத் திருப்பு. ஏ.பி.எஸ். இருக்கு, சக்கரம் பூட்டிக்காது. நீ திருப்பின பக்கம் வண்டி போகும்."

இன்னொன்றும் சொல்லியிருந்தேன். கிளம்பும்போது, சாவி போட்டதும், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்தால் ஏ.பி.எஸ். நலம். அணையாவிட்டால் வண்டியை எடுக்காதே.

எட்டு மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தன் காரோடு என் பட்டறைக்கு வந்தார். பெரிய எஞ்சின், அகல டயர், தாழ்த்திய ஸ்பிரிங்... அந்தக் காரில் நான் கைவைக்காத இடமே இல்லை. ஏ.பி.எஸ். பெட்டி ஒன்றுதான் பாக்கி.

"கழட்டிடுங்க மச்சான். இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. அழுத்தி மிதிச்சா காலுக்குக் கீழே தடதடன்னு உதறுது."

"அந்த உதறல்தான் உங்களைக் காப்பாத்துது மாப்பிள்ளே. ரேஸ் மைதானம்னா சரி. இது ரோடு. மழை பெய்யும், நாய் ஓடும்."

"வீட்டுல பிரேக் போடறது உங்க தங்கச்சி. கார்லயாவது நான் போட்டுக்கறேனே!"

சிரித்துத் தொலைத்தேன். பாதிச் சம்மதம் அதிலேயே கொடுத்தாகிவிட்டது.

"உங்களால முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

என்னால் முடியாதா? சுருக்கென்றது. மறுநாள் மாலைக்குள் பெட்டியைக் கழற்றி, புதுக் குழாய் வளைத்து மாட்டிவிட்டேன்.

ஆனால் மஞ்சள் விளக்கு அணைய மறுத்தது.

"இதைப் பார்த்தா அவ என்னைக் குடைஞ்சு எடுத்துடுவா மச்சான். ஏதாவது பண்ணுங்க."

பண்ணினேன். அதன் வயரை, பக்கத்திலேயே எரியும் எஞ்சின் ஆயில் எச்சரிக்கை விளக்கின் வயரோடு சேர்த்தேன். சாவி போட்டால் எரியும், எஞ்சின் ஓடினால் அணையும். பார்க்க அசல் மாதிரியே இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது எனக்கு.

நேற்று அவளுடைய கார் கிளட்ச் பிரித்தபடி என் பட்டறையில் கிடந்தது. "நாளைக்குத்தான் கிடைக்கும்" என்று சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை வெளியூரில். அவள் அவர் காரை எடுத்தாள்.

மழை. சந்திலிருந்து சைக்கிளில் ஒரு தபால்காரர் திரும்பினார். மிதித்தாள். திருப்பினாள். பூட்டிக்கொண்ட சக்கரங்களோடு கார் நேராகவே வழுக்கிப் போய் சைக்கிளை இடித்து, கம்பத்தில் மோதி நின்றது. தபால்காரருக்கு இரண்டு காலும் முறிவு. இதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் இருக்கிறார்.

"பயத்துல சரியா மிதிச்சிருக்க மாட்டேன்ணா. என் தப்புதான்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். இனிமே ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன். பாவம், அந்த மனுஷன்..."

மாப்பிள்ளை இப்போதுதான் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"நீ சரியாத்தான் மிதிச்சேம்மா," என்றேன். "ஏ.பி.எஸ். அதுல இல்ல. நான்தான் கழட்டினேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலை குனிந்தது.

"இல்லையே. லைட்டு அணைஞ்சுதே. பார்த்துட்டுத்தானே கிளம்பினேன்?"

இந்தக் கேள்விக்குத்தான் விடிந்ததிலிருந்து பயந்துகொண்டிருந்தேன்.

"அதுவும் நான்தான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நல்ல கையைக் கட்டிலில் ஊன்றி எழுந்தாள். தாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

"கீழே வா. அவர்கிட்ட சொல்லு. லைட்டையும் சேர்த்துச் சொல்லு."

முன்னால் அவள் இறங்கினாள். பின்னால் நானும் மாப்பிள்ளையும். ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்த பிறகே அடுத்த அடி வைத்தாள்.