நீதிபதி கண்ணயர்ந்த நேரம்

தீர்ப்பு தயாராக மேசைமேல் இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நீதிபதிக்குப் பேனாவைத் தொடக் கை வரவில்லை.

லாரி டிரைவர் ஒருவன் மருந்துக்கடை முதலாளியைப் பின்னாலிருந்து கத்தியால் குத்திவிட்டான் என்று வழக்கு. நேரில் பார்த்தது கல்லாவில் இருந்த பெண் மட்டும்தான். அவள் சாட்சிக்கூண்டில் ஏறி அவனை அடையாளம் காட்டினாள். ‘தயக்கமின்றிக் காட்டினார்’ என்று தீர்ப்பில் எழுதியாகிவிட்டது. அந்த ஒரு வரிக்குப் பத்து வருஷம் சிறை. ஆனால் அவள் காட்டியதை நீதிபதி பார்க்கவே இல்லை. முந்தின ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் மகள் பக்கத்தில் விழித்திருந்துவிட்டு நேரே கோர்ட்டுக்கு வந்த நீதிபதியம்மாள், மத்தியான மின்விசிறிக் காற்றில் அசந்துவிட்டாள். வக்கீல்கள் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கண் விழித்தபோது கல்லாக்காரப் பெண் கூண்டைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

லீவு போட்டிருக்கலாம். போடமாட்டாள். தான் ஒருநாள் வராவிட்டால் நியாயமே படுத்துவிடும் என்று ஒரு நினைப்பு. இந்த வேலையில் அந்த நினைப்பு சம்பளத்தோடு சேர்ந்தே வரும்.

காலையில் கணவரிடம் மனசைக் கொட்டினாள். அவர் பதறிப்போனார். பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளாதே என்றார். வக்கீல்களே கவனிக்காததை நீயாகப் போய் ஏன் கிளறுகிறாய் என்றார். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

கிளார்க் கதவைத் தட்டினார். கையெழுத்துப் போடாமலே காகிதங்களை எடுத்துக்கொண்டு நடந்தாள். உள்ளே எல்லாரும் எழுந்து நின்றார்கள். கடைசி வரிசையில் டிரைவரின் மனைவி, இடுப்பில் பிள்ளையோடு. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்றுதான் வந்தாள், பார்த்துவிட்டாள்.

“இன்னிக்குத் தீர்ப்பு இல்ல,” என்றாள். “அந்தச் சாட்சி அடையாளம் காட்டினப்போ நான் தூங்கிட்டேன்.”

அரசு வக்கீல்தான் முதலில் சுதாரித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருப்பார்கள், பலருக்கும் உள்ள வழக்கம்தானே என்று அவளைக் கரையேற்றப் பார்த்தார்.

“இல்ல சார். தூங்கினேன்.”

சாட்சியை மறுபடி அழைக்க வேண்டும், வேறு நீதிபதி முன்னால் நடக்கட்டும் என்று மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னாள். பிறகு டிரைவரைப் பார்த்து, ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டாள். அவன் திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“நீங்க தூங்கினது எனக்குத் தெரியும்மா. அந்தப் பொண்ணு கை முதல்ல எம்பக்கம் வரல. அங்க இங்கன்னு அலைஞ்சுது. போலீஸ்காரர் என்னைப் பாத்தப்புறம்தான் எம்மேல வந்து நின்னுது. நீங்க கவனிச்சீங்களான்னு உங்க மொகத்தத்தான் பாத்தேன்.”

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“எழுப்பினா கோவிச்சுக்குவீங்களோன்னு பயந்துட்டேம்மா.”