பக்கத்து சீட்டு பிரேக்

சாப்பாட்டு மேஜையில் இன்றைக்கும் அதே வழக்குதான்.

"பிரேக்கை மிதிச்சேம்மா. வண்டி நிக்கல," என்றாள் மகள்.

"பிரேக் நல்லா இருக்குன்னு மெக்கானிக்கே சொல்லிட்டாருடி. இன்னும் எத்தனை தடவைதான் இதையே சொல்லுவ?" அம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன.

மகளுக்குப் பதினாறு வயது. அந்த ஊர்ச் சட்டப்படி கார் லைசென்ஸுக்கு அது போதும். லைசென்ஸ் வாங்கி நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய், சாலையைக் கடந்த தையல்காரர் மேல் மோதிவிட்டாள். அவளுடைய பள்ளிச் சீருடையை வருஷா வருஷம் அளவெடுத்துத் தைத்த மனுஷன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இது நடந்து மூன்று வாரம். தப்பிப்பதற்காகப் பெண் பொய் சொல்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், பெற்றவள் உட்பட.

அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் அவர். மகளுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

அழைப்பு மணி அடித்தது. டிரைவிங் ஸ்கூல் சங்கத்தின் செயலாளர் ஒரு மனுவோடு வந்திருந்தார்.

"லைசென்ஸ் வயசைப் பதினெட்டாக்கப் போறாங்களாம், மாஸ்டர். உங்க வீட்டு விஷயத்தைத்தான் உதாரணமா காட்டுறாங்க. வயசு காரணமில்ல, பிரேக் கோளாறுன்னு எழுதியிருக்கோம். ஒரு கையெழுத்து போடுங்க. பாப்பாவுக்கும் நல்லது."

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஒருவர் அவள் பேச்சை நம்புகிறார்! அந்த முகத்தைப் பார்த்ததும் மாஸ்டர் மனுவை வாங்கிக்கொண்டார். பேனாவைக்கூட வாங்கிவிட்டார். பெண் தப்பித்துவிடுவாள் என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் கை நீளாது? ஆனால் கையெழுத்து விழவில்லை.

"பிரேக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. என் பொண்ணும் பொய் சொல்லல," என்றார்.

"என்ன மாஸ்டர், விடுகதை போடுறீங்க?"

மாஸ்டர் மகள் பக்கம் திரும்பினார். "நம்ம டிரைவிங் ஸ்கூல் வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்லம்மா? உன் கால் பிரேக்குல லேசா படும். அழுத்தி மிதிச்சது நான். உனக்குத் தெரியாமலே மிதிச்சேன். 'எப்படி நிறுத்தினேன் பாத்தீங்களாப்பா'ன்னு சிரிப்ப. நானும் சபாஷ்னு சொல்லுவேன். தொட்டாலே வண்டி நிக்கும்னு உன் கால் பழகிருச்சு."

மற்ற பிள்ளைகள் தப்பு செய்தால் காதைத் திருகாத குறையாகத் திட்டுகிறவர் இவர். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்! மகள் முகம் வாடக் கூடாதாம். அப்புறம் மைதானத்தில் ஆமை வேகத்தில் ஒரு டெஸ்ட், அவள் பாஸாகிவிட்டாள்.

செயலாளருக்கு எரிச்சல் வந்தது. "அது நீங்க சொல்லிக்குடுத்த லட்சணம். வயசு என்ன பண்ணுச்சு?"

"இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து பாக்குறேன். பதினாறு வயசுல ஸ்டியரிங் பிடிக்கக் கை வந்துருது, பயப்பட மனசு வரல. இது தெரிஞ்சும்தான் சாவியைக் குடுத்தேன். பெரியவங்க கால் பக்கத்துல இருந்தாத்தான் ஓட்ட முடியும்னா, அந்த வயசுக்கு லைசென்ஸ் எதுக்குங்க? பதினெட்டாக்கட்டும். நம்ம பிள்ளைங்க ஆசைக்கு ஊரான் உயிரையா குடுக்குறது?"

மனுவைத் திருப்பிக் கொடுத்தார். செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, "உன்னை நம்பாமப் போனேனேடி" என்று அழுதாள். மகள் அழவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவி கேட்டப்ப, இந்த வயசுல வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேப்பா. நாலு நாள் உங்ககூடப் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே?"