பொன்னுடும்புக்கு ஓட்டை

எறும்புத்தின்னி மட்டும் கிடைத்துவிட்டால் என்னிடம் அறுபதும் சேர்ந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரிக்கு நான் போனது அதற்காகத்தான்.

‘வனவேட்டை’ அட்டைகள் ஃபேன்சி கடையில் ஹேர்பின்னுக்குப் பக்கத்தில் தொங்கும். மொத்தம் அறுபது விலங்குகள், பாக்கெட்டுக்கு ஐந்து. கிழிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஒரு நாள் கம்பெனி பஸ் வரத் தாமதமானபோது சும்மா ஒன்று வாங்கினேன். கழுதைப்புலி வந்தது. அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். கம்பெனியில் நான் நிற்கும் அசெம்ப்ளி லைனில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பச்சை சர்க்யூட் போர்டு வரும். அதற்கடுத்தும் பச்சை போர்டுதான் வரும்.

ஹாஸ்டலில் என் அறைத்தோழி பாண்டிச்செல்வி தலையில் அடித்துக்கொள்வாள். “ஏட்டி கனகு, பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சுட்டு சின்னப் புள்ளைக வெளையாடுத அட்டையப் பொறுக்கிட்டுத் திரியுதியே. வீட்டுல கேட்டா என்னட்டி சொல்லுவ?”

“படிச்ச படிப்புக்கு வேல குடுத்தா இதுக்கு ஏன் வாரேன்?”

கேன்டீனில் நான் அட்டைகளைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் கிச்சா நின்று பார்த்தான். எங்கள் லைன் எஞ்ஜினியர். உள்ளூர்க்காரன். என் வயது. அவனும் ஒரு டிகிரி, நானும் ஒரு டிகிரி. அவன் சட்டை வேறு நிறம் என்பதால் அவன் சார்.

“பொன்னுடும்பு பளபளப்பு அச்சா? எங்க புடிச்ச?” என்றான். கண் அட்டையை விட்டு நகரவில்லை. சாதா உடும்பு என்னிடம் முன்பே இருந்தது. இந்தத் தங்க நிற அச்சு அபூர்வம் என்பது அவன் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். அவனிடம் எறும்புத்தின்னி மூன்று இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் மாற்றிக்கொள்ளலாம் என்றான்.

“ஆனா ஒண்ணு. ஒரு கீறல் இருக்கப்படாது. தண்ணி, வெரல் ரேகை எதுவும் படப்படாது. பத்திரமா எடுத்துண்டு வா.”

பத்திரம் என்றால் என்னவென்று எனக்கா தெரியாது? ஹாஸ்டலில் ஆறு பேருக்கு ஓர் அறை. மழை பெய்தால் கதவுக்கடியில் தண்ணீர் வரும். ஊரில் எங்கள் வீட்டு ஓடும் ஒழுகும். மிச்சத்தைக் கரையான் தின்னும். ஆகவே ரேஷன் கார்டிலிருந்து தாத்தாவின் போட்டோவரை எல்லாவற்றையும் லேமினேட் செய்வோம். ஞாயிறு காலை பேக்கரிக்கு அடுத்திருந்த கோபால் அண்ணன் ஜெராக்ஸ் கடையில் உடும்பைக் கொடுத்தேன்.

“இன்னாமா இது, ஓணானா? ஓட்ட போட்டுக் கயிறு மாட்டித் தரவா?”

“உடும்புண்ணே. ஓட்டயெல்லாம் வேண்டாம். ஒரு கீறல்கூட விழக்கூடாது.”

சூடாக வெளியே வந்தது. கண்ணாடிக்குள் வைத்ததுபோல் மின்னியது. எனக்கே கொடுக்க மனம் வரவில்லை.

துணைக்கு வந்த பாண்டிச்செல்வி பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக்கொண்டாள். கிச்சா அட்டையைக் கையில் வாங்கினான், புரட்டினான், பிறகு சிரிக்க ஆரம்பித்தான். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான்.

“லேமினேட் பண்ணிட்டியா? யாராவது இதைப் போய் லேமினேட் பண்ணுவாளா? பிளாஸ்டிக் ஒட்டிட்டா ஒரிஜினல் போச்சு, சேக்கறவா யாரும் வாங்கமாட்டா. செத்துப்போச்சு கனகலட்சுமி. இனிமே இது செல்லாது.”

செல்லாது. இந்தச் சொல்லை நான் போன வருடமும் கேட்டிருக்கிறேன். டிகிரி முடித்த ஆபரேட்டர்களிலிருந்து ஸ்டாஃப் டிரெய்னி எடுத்தார்கள். என் சான்றிதழைப் பார்த்த ஹெச்.ஆர். பெண் இரண்டு விரலால் அதைத் தள்ளினாள். “லேமினேட் பண்ணினது செல்லாதும்மா. யாரு பண்ணச் சொன்னா?” பட்டம் கையில் வந்த அன்றே அப்பா பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தது. எங்கள் வீட்டின் முதல் பட்டம். நனைந்துவிடக்கூடாது. டூப்ளிகேட்டுக்கு எழுதிப்போட்டு வாங்குவதற்குள் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

எது செல்லும், எது செல்லாது என்று எல்லாம் கெட்ட பிறகுதான் எங்களுக்குச் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

“எறும்புத்தின்னி, சார்?” என்றேன்.

“செத்ததுக்கு எப்படிம்மா தர முடியும்?” அவன் எறும்புத்தின்னியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். உடும்பை மட்டும் கீழே வைக்கவில்லை. “இத வேணா எங்கிட்டயே விட்டுடு. ஹேர் டிரையர் காட்டிப் பிரிக்க வருமான்னு பாக்கறேன். ஒனக்கு இது எதுக்கு, வேஸ்ட்தானே?”

பாண்டிச்செல்வி தேங்காய் பன்னை மெல்லுவதை நிறுத்தினாள். “செத்த உடும்பு ஒங்களுக்கு மட்டும் எதுக்கு சார்? கொழம்பு வைக்கவா?”

கிச்சாவின் காது சிவந்தது. நான் எழுந்து அவன் விரல்களுக்கு நடுவிலிருந்து அட்டையை உருவினேன். நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனேன். அவனும் பின்னாலேயே வந்தான்.

“அண்ணே, ஓட்ட போடுங்க.”

“காலைல வேணான்ன.”

“இப்ப வேணும். நடு மண்டையில போடுங்க.”

“ஏய், இரு இரு,” என்றான் கிச்சா. “பைத்தியமா நீ? சரி, எறும்புத்தின்னியே தரேன், இந்தா. போடாதீங்கோ.”

நிஜமாகவே நீட்டினான். மூக்கு நீண்ட, செதில் செதிலான எறும்புத்தின்னி. என் அறுபதாவது. கோபால் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

“போடுங்கண்ணே,” என்றேன்.

அடையாள அட்டைக்கு ஓட்டை போடும் அந்த மெஷின் ஒரே ஒரு முறை கடித்தது. உடும்பின் கண்ணுக்கு மேலே நீளமாகத் துளை விழுந்தது. என் கம்பெனி ஐ.டி. தொங்கிய கயிற்றிலேயே அதையும் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

“இனிமே எவனும் தொடமாட்டான் அதை,” என்றான்.

“தொடவேண்டாம் கிச்சா.”

‘சார்’ இல்லாததை அவன் கவனித்தான். பைக்கை எடுத்தான்.

ஃபேன்சி கடையில் புதிதாக ஒரு பாக்கெட் வாங்கி நின்ற இடத்திலேயே கிழித்தேன். இரண்டு முள்ளம்பன்றி, ஒரு கீரி, ஒரு காட்டெருமை, மறுபடியும் அந்தக் கழுதைப்புலி. பாண்டிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரிக்காதட்டி,” என்றேன்.