நாற்பதுக்கும் ஒன்று

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் சொந்தக் கதை இல்லை. பெசன்ட் நகர் காபிக் கடையில், பக்கத்து மேசைப் பெண் அழுதுகொண்டே யாரிடமோ சொன்னதை ஒட்டுக்கேட்டேன். வைதேகி என்று பெயர் வைத்தது நான்.

முதல் தொடக்கம்: "கணினியைத் தமிழ் எழுதவைக்கும் ஆராய்ச்சியாளர்கள் சிலர் அடையாறில் சனிக்கிழமைதோறும்..." (அறிக்கை வாசனை அடிக்கிறது. விட்டேன்.)

இரண்டாவது: "ஆற்றில் தண்ணீர் ஏறிய அன்று..." (இவ்வளவு சீக்கிரம் வேண்டாம்.)

2

வைதேகியின் குழு வெள்ள எச்சரிக்கைகளைக் கணினியே எழுதும்படி செய்துகொண்டிருந்தது. எழுதியது தேறுமா என்று பார்க்க, ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து பதினைந்து பேரை* வரவழைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். நாற்பது வாக்கியங்கள். ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் அருமை. போடுகிறவர்களிடம் பேசக் கூடாது என்பது விதி. பேசினால் அவர்கள் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

வந்தவர்களில் ஒருத்தியான வேலம்மா நாற்பதுக்கும் ஒன்று போட்டாள்.

"இன்னாம்மா இது? பாதுகாப்பான இடத்துக்குப் போங்கன்னு கீது. எந்த இடம்னு ஒண்ணுலயும் இல்லியே?"

வைதேகி சிரித்தபடி தலையை மட்டும் ஆட்டினாள்.

"எல்லாத்துக்கும் ஒரே மார்க்னா படிக்கவே இல்லைன்னு அர்த்தம். தூக்கிடுங்க," என்றார் குழுத் தலைவர் செந்தில்குமார். அதுவும் விதிதான். வேலம்மா போட்ட மதிப்பெண் வரிசையை வைதேகி கணக்கிலிருந்து நீக்கினாள். சராசரி நாலரைக்கு ஏறியது. அன்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

(செந்தில்குமாரை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் சாப்பாடு பரிமாறிய மனிதர்.)

* எண் காதில் சரியாக விழவில்லை.

3

கார்த்திகையில் ஆறு ஏறியது. குழுவின் வாக்கியம் எல்லார் போனுக்கும் போனது. வேலம்மா வேலைசெய்யும் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மண்ணாங்கட்டி அதைப் படித்துவிட்டு, மேடுதான் பாதுகாப்பு என்று பாலத்துப் பக்கம் போனார். தங்குவதற்குத் திறந்துவைத்திருந்த பள்ளிக்கூடம் எதிர்த்திசையில் இருந்தது.

இதற்குமேல் நான்கு பத்தி எழுதிக் கிழித்துவிட்டேன். அவர் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான்.

4

அந்த ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பரிசு அறிவித்திருக்கிறார்கள். மேடையில் பேசப்போவது வைதேகி. நீக்கிய வரிசையைப் பற்றிச் சொன்னால் பரிசு போகும், கூட உழைத்த ஐந்து பேரின் பெயரும் கெடும்.

"ரூல்படிதானேடி பண்ணே? ஏன் அழுதுண்டே இருக்கே?" என்று கேட்டாள் மயிலாப்பூர் வீட்டில் அவள் அம்மா. அந்த ரூலை நினைத்துத்தான் அழுகிறாள் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

முடிவு ஒன்று: மேடையில் சொல்லிவிடுகிறாள்.

முடிவு இரண்டு: கைதட்டலோடு இறங்கிவிடுகிறாள்.

முடிவு மூன்று: வேலம்மாவைத் தேடிப் போகிறாள். வேலம்மா திட்டவில்லை. "அன்னிக்கே சொன்னனேம்மா. எயுதிக்கினியா?" என்று மட்டும் கேட்கிறாள். வைதேகி...

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பு இல்லை. மூன்று முடிவுகளுக்கும் நீங்களே மதிப்பெண் போடுங்கள். மூன்றுக்கும் ஒன்றே போட்டாலும் நீக்க மாட்டேன். ஏன் என்று மட்டும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.