பேட்டரியைக் கழற்றிய பிறகும்

மதியம் இரண்டே முக்காலுக்கு வானிலைப் பெட்டி முப்பத்தொன்பது டிகிரி காட்டியது. வெளியே காலையிலிருந்து விடாத தூறல். மாமியார் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு, சூடான தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உன் பெட்டிக்குக் காய்ச்சல் வந்துடுச்சு போல," என்றார்.

மருமகள் சிரித்தாள். அவள் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். தெர்மாமீட்டர், தராசு, குடுவை என்று அளக்கிற சாமான்களோடு பழகிய கை. அன்று விடுமுறை. பெட்டி கூடத்து அலமாரியில் இருந்தது. அதற்கு வெளி வெப்பத்தை நிமிடத்துக்கு ஒருமுறை கம்பியில்லாமல் அனுப்பும் சென்சார், பால்கனிக் கம்பியில் மாட்டியிருந்தது.

பால்கனிக்குப் போய் சென்சாரைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. ஈரம் உள்ளே இறங்கியிருக்கும் என்று நினைத்துக் கழற்றி வந்தாள். பின்மூடியைத் திறந்து பேட்டரி இரண்டையும் மாற்றினாள். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் முகப்பில் ஒரு சிவப்புப் பொட்டு மின்ன வேண்டும். மின்னவில்லை. பேட்டரி உட்காரும் கம்பிச்சுருள் பச்சைப் பாசி பிடித்ததுபோல் அரித்துப் போயிருந்தது.

"இது செத்துப்போச்சு அத்தை," என்றாள். பேட்டரியை மறுபடி கழற்றி மேஜையில் வைத்தாள்.

அப்போது பெட்டியில் எண் மாறியது. நாற்பத்தொன்று.

அவள் கையிலிருந்த சென்சாரைப் பார்த்தாள். மேஜையில் உருண்ட பேட்டரிகளைப் பார்த்தாள். 

"செத்துப்போச்சுன்னுதானே சொன்னே? அப்புறம் யாரு பேசறது?" மாமியார் கோப்பையைக் கீழே வைத்தார். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை.

அவள் இழுப்பறையில் கிடந்த கையேட்டை எடுத்து, தண்ணீர் பட்டு ஒட்டிக்கிடந்த பக்கங்களைப் பிரித்தாள். கோளாறுகள் பட்டியலில் கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது: சென்சாரின் தொடர்பு அறுந்தால் பெட்டி தானே தேடத் தொடங்கும், அருகில் அதே சேனலில் வேறு சென்சார் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

அப்பாடா என்றிருந்தது. பேய் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். அடுத்த நொடியே அந்த நிம்மதி போய்விட்டது. நாற்பத்திரண்டரை. இந்தக் குளிரில், இந்தக் கட்டிடத்துக்குப் பக்கத்தில், எவருடைய அறை இப்படிக் கொதிக்கிறது?

"எங்கேயோ தீப்பிடிச்சிருக்கு அத்தை."

"புகை வாடை வரலையே."

"மெதுவாத்தான் ஏறுது. மூடின ரூமா இருக்கும்."

பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் வெளியே வந்தாள். திரையின் மூலையில் அலையின் பலத்தைக் காட்டும் சின்னக் கோடுகள் இரண்டு இருந்தன. கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். ஒன்றாகக் குறைந்தது. மறுபடி ஏறி, தன் வீட்டைத் தாண்டி மேலே போனாள். இரண்டு. இன்னொரு மாடி. மூன்று. ஒவ்வொரு தளத்திலும் ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. அடுத்த எண் வரும்வரை செய்ய ஒன்றுமில்லை. நாற்பத்தாறு.

மேல் மாடியில் கோடுகள் நான்கும் நிரம்பின. அதற்கு மேல் இருப்பது மொட்டைமாடியில் ஒரே ஓர் அறை. ஓய்வுபெற்ற ரயில் கார்டு அதில் குருவி வளர்க்கிறார். கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் 'கார்டு ஐயா'. தனி ஆள். குளிர் தாங்காத வெளிநாட்டுக் குருவிகளுக்காகச் சூடு ஊதும் ஹீட்டர் வைத்திருக்கிறார் என்று லிஃப்டில் ஒருநாள் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

மொட்டைமாடிக்கு ஏறி ஓடினாள். அறைக் கதவு மூடியிருந்தது, தள்ளியும் திறக்கவில்லை. தட்டினாள்.

"ஐயா! கார்டு ஐயா!"

உள்ளே ஹீட்டரின் உறுமல் மட்டும் கேட்டது. ஆள் அசையும் சத்தம் இல்லை. குருவிச் சத்தமும் இல்லை. ஒருவேளை அவர் வெளியே போயிருப்பார். கீழே போய் அவருடைய போன் நம்பரை யாரிடமாவது கேட்கலாம் என்று படியிறங்கினாள். நான்கு படி இறங்கியிருப்பாள். கையில் எண் மாறியது. ஐம்பது. கூடவே புத்தியில் ஒன்று உறைத்தது. கதவில் வெளிப்பூட்டு இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஆள் உள்ளேதான்.

"அத்தை! ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்க! ஈரத்துணி கொண்டு வாங்க!" என்று மாடிப்படி அதிரக் கத்தினாள்.

அறையின் பக்கவாட்டில் சுவரோடு மின்பெட்டி இருந்தது. எது எந்த சுவிட்ச் என்று தேடவில்லை. எல்லாவற்றையும் கீழே தள்ளினாள். உறுமல் நின்றது. பிறகு மூலையில் கிடந்த பூந்தொட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி, கதவை ஒட்டிய ஜன்னல் கண்ணாடியில் எறிந்தாள். சூளையைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அறைந்தது. இறகும் தானிய உமியும் கலந்த காற்று. கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தபோது முழங்கை கிழிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

கார்டு ஐயா கவிழ்ந்த ஏணிக்கு அருகில் தரையில் கிடந்தார். ஒரு கால் இருக்கக்கூடாத திசையில் திரும்பியிருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் மூடியிருந்தது. மூக்கின் அருகே விரலை வைத்தாள். மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே பிடிபடவில்லை.

"நகரு," என்றார் பின்னால் வந்த மாமியார். மூன்று மாடியை எப்படி ஏறினாரோ, மூச்சு இரைத்தது. உட்கார்ந்து கார்டு ஐயாவின் கழுத்தில் இரண்டு விரலை அழுத்தினார். "உசுரு இருக்கு. தலையத் தூக்காதே, கால அசைக்காதே. துணியப் பிழியாமப் போடு."

ஆம்புலன்ஸ் வரும் வரை இருவரும் அவர் நெற்றியிலும் அக்குளிலும் ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தார்கள். அந்த அறையின் சென்சார் கூரைக்கு அடியில், ஹீட்டருக்கு நேரே தொங்கியது. தரையில் அத்தனை சூடு இல்லை. அதுதான் அவரைக் காப்பாற்றியது என்று பிறகு சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனாள். இடுப்பு எலும்புக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஹீட்டர் தானாக நிற்காததைக் கண்டு, மேலே இருந்த பிளக்கைப் பிடுங்க ஏணியில் ஏறியிருக்கிறார். விழுந்த பிறகு தொண்டை போகும்வரை கூப்பிட்டிருக்கிறார்.

"நீ தட்டுனது கேட்டுச்சும்மா," என்றார் கரகரத்த குரலில். "வாயத் தொறக்கறேன், சத்தம் வரல. அப்புறம் நீ படியில இறங்கறதும் கேட்டுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணுனேன். அவ்வளவுதான்னு கண்ண மூடிட்டேன்."

அந்த எண் இன்னும் அரை நிமிடம் தாமதமாக வந்திருந்தால் தரைத்தளத்துக்கே போயிருப்பாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"குருவிங்க?" என்றார் அவர்.

பொய் சொல்லத்தான் வந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"பதினோரு குருவி போயிடுச்சு ஐயா. ரெண்டு குருவி ஜன்னல் வழியாப் பறந்துடுச்சு. மத்தது எங்க வீட்டுலதான் இருக்கு. அத்தை பாத்துக்கிறாங்க."

அவர் கூரையைப் பார்த்தார்.

"எதெது போச்சு?"

அவளுக்கு அவற்றின் பெயர் தெரியாது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் நினைவுபடுத்திச் சொல்லத் தொடங்கினாள்.